வீட்டுக்கு ஒரு லேண்ட்லைன், அப்பத்தா ரூமுக்கு இன்னொண்ணு

உங்க வீட்டுல பைபர் பிராட்பேண்ட் இருக்கா? இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சுவத்துல மாட்டியிருக்கிற அந்த வெள்ளை டப்பாவைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. லேன் கேபிள் சொருகுற துளைகள் வரிசையா இருக்கும். பக்கத்துலேயே, அதைவிடச் சின்னதா இன்னொரு துளை இருக்கும். ‘டெல்’னோ ‘போன்’னோ ‘பாட்ஸ்’னோ பேர் போட்டிருக்கும். அதுல என்ன சொருகியிருக்கு? பெரும்பாலான வீடுகள்ல தூசிதான் இருக்கும்.

அந்தத் துளை லேண்ட்லைனுக்கானது. பல பிராட்பேண்ட் பிளான்கள்ல ஒரு லேண்ட்லைன் நம்பரும் அன்லிமிடெட் காலும் சேர்ந்தே வருது. அதாவது நம்ம அப்பா மாசாமாசம் கட்டுற பில்லுக்குள்ள ஒரு போன் ஏற்கெனவே இருக்கு. கருவிதான் இல்லை.

நான் சொல்ல வர்றது இதுதான்: அந்தத் துளைக்கு ஒரு போன் வாங்கிப் போடுங்க. ஹால்ல ஒண்ணோட நிறுத்தாம, வீட்டுல வயசானவங்க படுக்கிற ரூம்ல இன்னொண்ணும் வைங்க. வேலை கிடைச்சு பெங்களூருக்கோ சென்னைக்கோ கிளம்புறதுக்கு முன்னாடி செஞ்சுட்டுப் போங்க.

சிரிப்பு வருதா? வரட்டும். கேன்டீன்ல இதைச் சொன்னப்ப என் கிளாஸ்ல நாலு பேர் சிரிச்சாங்க. ஒருத்தன், “அடுத்து தந்தி அடிக்கச் சொல்லுவியா?”ன்னு கேட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

மொபைல் ஆளுக்கு, லேண்ட்லைன் வீட்டுக்கு

நாம மொபைல்ல கூப்பிடுறது ஒரு ஆளை. அம்மா நம்பருக்கு அடிச்சா அம்மா எடுக்கணும். அம்மா கடைக்குப் போயிருந்தா, வீட்டுல யார் இருக்காங்க, என்ன பண்றாங்கன்னு நமக்குத் தெரியாது. லேண்ட்லைனுக்கு அடிச்சா வீடு எடுக்கும். யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க எடுப்பாங்க. ஸ்கூல்ல இருந்து வந்த தம்பி எடுப்பான், தாத்தா எடுப்பாரு, சமைக்க வர்ற அக்கா எடுப்பாங்க.

“எல்லார்கிட்டயும்தான் மொபைல் இருக்கே”ன்னு சொல்லலாம். இருக்கா? ஆறாவது படிக்கிற தம்பிகிட்ட இல்லை, இருக்கவும் கூடாதுன்னுதான் வீட்டுல சொல்றாங்க. தாத்தா பாட்டிகிட்ட ஒண்ணு இருக்கும். அது எந்த நிலைமையில இருக்குன்னு யாராவது பார்த்திருக்கீங்களா? சார்ஜ் போயிருக்கும். எப்பவோ விரல் பட்டு சைலன்ட்ல போயிருக்கும். ரீசார்ஜ் வேலிடிட்டி முடிஞ்சு கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் நின்னிருக்கும். இது எதுவுமே அவங்களுக்குத் தெரியாது. “யாரும் கூப்பிடவே இல்லை”ன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாம நாலு தடவை அடிச்சுட்டு, “எடுக்கவே மாட்டேங்கிறாங்க”ன்னு சொல்லிக்கிட்டு இருப்போம்.

எங்க அப்பத்தாவுக்கு 78 வயசு, மதுரையில எங்க வீட்டுல இருக்காங்க. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிட்டா காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் தனியாத்தான் இருப்பாங்க. சித்தப்பா ஆசையா ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தாரு. கால் வந்தா பச்சை வட்டத்தை மேல இழுக்கணும். அப்பத்தாவோட விரல் நுனி அந்தக் காலத்துல பூக்கட்டிக் காய்ஞ்ச விரல். இழுத்தா போன் கண்டுக்காது. ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பாங்க, அதுக்குள்ள கட் ஆயிடும். கடைசியில அந்த போன் சாமி அலமாரியில விபூதித் தட்டுப் பக்கத்துல போய் உக்காந்துடுச்சு.

போன வருஷம் ஹால்ல ஒரு சாதா பட்டன் போனும், அப்பத்தா கட்டில் பக்கத்துல இன்னொண்ணும் வெச்சோம். மணி அடிக்குது, எடுக்கிறாங்க, “யாரு?”ன்னு கேக்குறாங்க. கத்துக்கொடுக்க ஒண்ணுமே இல்லை. அவங்க நாப்பது வருஷமாப் பழகின கருவி அது. இன்னொண்ணையும் கவனிச்சேன். முன்னாடி நாங்க கூப்பிட்டாத்தான் அவங்க பேசுவாங்க. இப்ப அவங்களே மேலூர்ல இருக்கிற தங்கச்சிக்கு அடிக்கிறாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெண்டு கிழவிகளும் ஊர்க்கதை பேசுறாங்க. யாரையும் கேக்காம தானா ஒருத்தருக்குப் போன் பண்ண முடியறது எவ்வளவு பெரிய விஷயம்னு, கையில எப்பவும் போன் வெச்சிருக்கிற நமக்குத் தெரியறதில்லை.

ஏன் ரெண்டாவது போன்?

அந்தக் காலத்துல லேண்ட்லைன் வெச்ச இடம் ஹால். கீழே ஒரு ஸ்டூல், மேல எம்ப்ராய்டரி துணி, சில வீடுகள்ல டயலுக்குப் பூட்டு. போன்ங்கிறது கௌரவம், அதனால வந்தவங்க கண்ணுல படுற இடத்துல இருந்துச்சு. இன்னிக்கு அந்தக் கௌரவம் போயாச்சு. அதனால எங்க தேவையோ அங்க வைக்கலாம்.

தேவை எங்க? உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, கீழே விழுந்து இறக்கிறவங்க உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர். அதுல அதிகமா இறக்கிறது 60 வயசைத் தாண்டினவங்க. நம்ம ஊர் நிலைமையும் சேர்த்துப் பாருங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டுல பத்துல ஒருத்தருக்கு 60 வயசு ஆகியிருந்தது. அதுக்கப்புறம் அந்தப் பங்கு கூடிக்கிட்டேதான் வருது. படிச்ச பிள்ளைங்க வெளியூருக்குப் போறதும் கூடிக்கிட்டே வருது. இந்த ரெண்டு கோடும் சந்திக்கிற இடம், பகல் பூரா வயசானவங்க தனியா இருக்கிற வீடு.

ராத்திரி பாத்ரூம் போக எழுந்து வழுக்கி விழுந்த ஒருத்தரால ஹால் வரைக்கும் வர முடியாது. மொபைல் அலமாரியில இருந்தா அதுவும் எட்டாது. கட்டில் பக்கத்துல, தரையில இருந்து கை நீட்டினா எட்டுற உயரத்துல ஒரு போன் இருந்தா, 108 அடிக்கலாம். 112 அடிக்கலாம். பக்கத்து வீட்டுக்கு அடிக்கலாம். இதுக்காகத்தான் ரெண்டாவது போன். அதனால போனை உயரமான ஷெல்ப்ல வைக்காதீங்க. சின்ன ஸ்டூல் போதும்.

எப்படிப் போடுறது?

முதல்ல உங்க பிளான்ல நம்பர் இருக்கான்னு பாருங்க. கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா சொல்லிடுவாங்க. நம்பர் இருந்தும் ஆக்டிவேட் ஆகாம இருக்கலாம், பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க. சில மோடம்ல போன் துளையே இருக்காது. வேற மாடல் மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க.

ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு சாதா போன் கிடைக்கும். அதோட வயர் நுனியில இருக்கிற ஆர்ஜே-11 பின்னை அந்தத் துளையில சொருகினா வேலை முடிஞ்சது. பேச்சு மோடம்ல டிஜிட்டலா மாறி, இன்டர்நெட் போற அதே பைபர்ல போகும். “நெட் ஸ்பீடு குறையுமே”ன்னு தங்கச்சி கேட்டா, செகண்ட் இயர்ல படிச்ச சாம்ப்ளிங் தியரத்தை எடுத்துவிடுங்க. டெலிபோன் பேச்சு 3,400 ஹெர்ட்ஸுக்குள்ள அடங்கிடும். நொடிக்கு 8,000 சாம்பிள், ஒவ்வொண்ணுக்கும் 8 பிட். மொத்தம் 64 கிலோபிட். மேல பாக்கெட் ஹெட்டரெல்லாம் சேர்த்தாக்கூட 100 கிலோபிட் வராது. உங்க வீட்டு லைன் 100 மெகாபிட்னா, ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லை. தங்கச்சியோட சீரியல் நிக்காது.

ரெண்டாவது போனுக்கு ரெண்டு வழி.

முதல் வழி, பேரலல் கனெக்‌ஷன். பத்து ரூபாய் இருபது ரூபாய்க்கு ஒரு துளையை ரெண்டாக்குற அடாப்டர் எலக்ட்ரிக்கல் கடையில கிடைக்கும். அதுல இருந்து ஒரு போன் ஹாலுக்கு, இன்னொரு வயர் ரூமுக்கு. ரெண்டே கம்பிதான். ரெண்டு போனும் ஒண்ணா மணி அடிக்கும், யார் வேணும்னாலும் எடுக்கலாம். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் எடுத்தா எல்லாம் கேக்கும். காதலிக்கிறவங்க கவனம்.

இதுல மூணு விஷயம் பார்த்துக்கணும். ஒண்ணு, பழைய தாமிரக் கம்பி லைன் வீட்டுக்குள்ள ஏற்கெனவே ஓடியிருந்தா, அதையே ரூமுக்குப் பயன்படுத்திக்கலாம். ஆனா வெளியே கம்பத்துல இருந்து வர்ற கம்பியை முதல்ல கழட்டிடணும். அந்தக் கம்பியில இன்னும் எக்சேஞ்ச் மின்சாரம் இருந்தா, மோடம் போன் துளை பொசுங்கிடலாம். ரெண்டு, கழட்டி மாட்டும்போது மோடத்தை ஆஃப் பண்ணிடுங்க. சும்மா இருக்கும்போது லைன்ல 48 வோல்ட் வரைக்கும் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது அதைவிட அதிகமா ஏசி வரும். உயிருக்கு ஆபத்துன்னு இல்லை, ஆனா தூக்கிவாரிப் போடும். மூணு, அந்தத் துளையால நாலஞ்சு போனுக்கு மேல மணி அடிக்க வைக்க முடியாது. தாத்தாவோட சுத்துற டயல் போன் பரண்ல இருந்தா, ஆசைக்கு மாட்டிப் பாருங்க. கால் வந்தா பேசலாம். டயல் பண்றதைப் பல மோடம்கள் புரிஞ்சுக்காது.

ரெண்டாவது வழி, கார்ட்லெஸ். ரெண்டு ஹேண்ட்செட் சேர்ந்து வர்ற செட்டா வாங்கணும். பேஸை மோடம் பக்கத்துல வெச்சுட்டு, இன்னொரு ஹேண்ட்செட்டை அதோட சார்ஜர் தொட்டில்ல வெச்சு எந்த ரூம்ல வேணும்னாலும் விடலாம். வயர் இழுக்க வேணாம், மாடி வீட்டுக்கு வசதி. காசு அதிகம். அதுக்கும் சார்ஜ் உண்டு, கரண்ட்டும் வேணும். வயசானவங்க ரூமுக்கு வயர் போன்தான் என் ஓட்டு. காணாமப் போகாது, தலகாணிக்கு அடியில சிக்காது.

உங்க வீட்டுல இன்னும் பழைய தாமிர லைன்ல வர்ற பிராட்பேண்ட்தானா? அப்ப ஸ்பிளிட்டர்னு ஒரு குட்டி டப்பா கொடுத்திருப்பாங்க. பேச்சு கீழ் அலைவரிசையில, நெட் மேல் அலைவரிசையில ஒரே கம்பியில வர்றதைப் பிரிக்கிற பில்டர் அது. ரெண்டாவது போனையும் அந்த ஸ்பிளிட்டரோட போன் பக்கத்துல இருந்துதான் எடுக்கணும். இல்லைன்னா ரிசீவரைத் தூக்கினதும் நெட் போயிடும். பேசும்போது காதுல இரைச்சல் கேக்கும்.

கரண்ட் போனா?

இதுதான் இந்தக் கட்டுரையோட வீக் பாயிண்ட், மறைக்க விரும்பலை. பழைய லேண்ட்லைனுக்குக் கரண்ட்டை எக்சேஞ்சே கம்பி வழியா அனுப்புச்சு. ஊரே இருட்டானாலும் போன் பேசும். பைபர் கண்ணாடி, அதுல வெளிச்சம்தான் வரும். மோடம் அணைஞ்சா போனும் செத்துடும்.

வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா மோடம் பிளக்கை அந்த லைனுக்கு மாத்திடுங்க. இல்லைன்னா மோடத்துக்குன்னே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்குது. விலை ஆயிரத்துச் சொச்சத்துல ஆரம்பிக்கும். கணக்கு நீங்களே போட்டுக்கலாம். உள்ள 2,000 மில்லி ஆம்பியர் அவர் செல் மூணு, ஒவ்வொண்ணும் 3.7 வோல்ட்னா, மொத்தம் 22 வாட் அவர். வழியில வீணாகுறது போக 18னு வெச்சுக்குங்க. மோடம் 8 வாட் இழுத்தா ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்கும். மாசாந்திர பராமரிப்புக்காக முழு நாள் நிறுத்துற கரண்ட்டுக்கு இது பத்தாது. பெரிய பேட்டரி வேணும். சாதாரணமா வந்து போற மின்தடைக்குப் போதும்.

புயலுக்கு? 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல எத்தனை மொபைல் டவர் படுத்துச்சுன்னு நமக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப டெல்டாவுல பல ஊர்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாள்ல பைபரும் அறுந்துதான் போகும். லேண்ட்லைன் வந்தா எல்லாம் காப்பாத்தும்னு நான் சொல்லலை. ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி இருக்கட்டும்னுதான் சொல்றேன். ரிடன்டன்சின்னு ரிலையபிலிட்டி பேப்பர்ல பத்து மார்க்குக்கு எழுதினோமே, அதை வீட்டுலயும் கொஞ்சம் செய்யலாம்.

“இதெல்லாம் தேவையா?”

வாட்ஸ்அப் வீடியோ கால்ல முகம் பார்த்துப் பேசலாமேன்னு கேப்பீங்க. தாராளமாப் பேசுங்க. ஆனா அது யாராவது ஒருத்தர் போனைப் பிடிச்சு அவங்க முகத்துக்கு நேரா காட்டினாத்தான் நடக்கும். அம்மா வீட்டுல இல்லாத நேரத்துக்கு அது உதவாது.

ஸ்பாம் கால் வருமே? வரும், மொபைலுக்கு வர்றதைப் போலத்தான். ஏமாத்துறவன் லேண்ட்லைன்லயும் இனிக்க இனிக்கப் பேசலாம், அதைப் பத்தி வீட்டுல சொல்லி வைக்கணும். ஆனா சாதா பட்டன் போன்ல அவனால லிங்க் அனுப்ப முடியாது, ஆப் இறக்கச் சொல்ல முடியாது, ஸ்கிரீனைப் பார்க்க முடியாது. கொஞ்சம் செலவு பண்ணி காலர் ஐடி போனா வாங்கினா யார் கூப்பிடுறாங்கன்னும் தெரியும்.

“யாருமே வெச்சுக்கலையே”ன்னா, அதுவும் முழு உண்மை இல்லை. 2006 வாக்குல இந்தியாவுல சுமார் 5 கோடி லேண்ட்லைன் இருந்துச்சு. 2020 கடைசியில அது 2 கோடியா சரிஞ்சுது. 2023 கடைசியில மறுபடியும் 3 கோடியைத் தாண்டிடுச்சு. பைபரோட சேர்ந்து வந்த நம்பர்கள்தான் இதுக்கு முக்கியக் காரணம். அதாவது கணக்குல போன் இருக்கு, வீட்டுல மணி அடிக்கலை. நான் மாத்தச் சொல்றது அதைத்தான்.

போன் வெச்ச அன்னிக்கே செய்ய வேண்டியது

லேண்ட்லைன்ல இருந்து மொபைலுக்கு அடிக்கும்போது முன்னாடி 0 போடணும். 2021 ஜனவரி 15ல இருந்து இதுதான் விதி. பாட்டி பத்து நம்பரைச் சரியா அடிச்சும் கால் போகலைன்னா காரணம் இதுவாத்தான் இருக்கும். அதனால ஒரு வெள்ளை அட்டையில, கறுப்பு மார்க்கர்ல, கண்ணாடி போடாமலே தெரியுற அளவுக்கு நம்பர்களை எழுதுங்க. ஒவ்வொரு மொபைல் நம்பருக்கு முன்னாடியும் அந்த 0வையும் சேர்த்தே எழுதுங்க. அப்பா, அம்மா, நீங்க, பக்கத்து வீடு, பழக்கமான டாக்டர். மேல பெரிசா 108. இதுக்கு முன்னாடி 0 வேணாம்.

போன்ல மெமரி பட்டன் இருந்தா முதல் பட்டன் பக்கத்து வீட்டுக்கு இருக்கட்டும். உங்களுக்கு வேணாம். பெங்களூர்ல இருக்கிற உங்களால பதறத்தான் முடியும். பக்கத்து வீட்டு அக்காவால ரெண்டு நிமிஷத்துல ஓடி வர முடியும்.

அப்புறம் பாட்டியையே அடிக்கச் சொல்லுங்க. நீங்க மாடியில நின்னு மொபைல்ல எடுங்க. தரையில உக்காந்தபடி எட்டுதான்னும் பாருங்க. ஓடுதான்னு டெஸ்ட் பண்ணாம எதையும் சப்மிட் பண்ணக் கூடாதுன்னு லேப்ல சொல்லிக்கொடுத்தாங்களே, அதுதான் இங்கேயும்.

மொத்தச் செலவைக் கூட்டினா ரெண்டு போன், ஒரு அடாப்டர், கொஞ்சம் வயர், ஒரு மினி யுபிஎஸ். மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கத்துல முடியும். ரெண்டு தடவை ட்ரீட் வெச்சா ஆகுற காசு. கையில ஆபர் லெட்டர் இருக்கிறவங்க முதல் சம்பளத்துல வீட்டுக்கு என்ன வாங்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருப்பீங்க. புடவை, வேட்டி எல்லாம் வாங்குங்க. ஆனா இந்த வேலையை அதுவரைக்கும் தள்ளாதீங்க. ஜாயினிங் தேதிக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை போதும். ஸ்க்ரூ டிரைவர் வீட்டுலயே இருக்கும்.